சிறு படகுக்குச் சிக்கனமான எந்திரம்



காரமடையை அடுத்த சிறுமுகைப் பகுதியில், லிங்காபுரத்துக்கும் காந்தவயலுக்கும் இடையே காந்தையாறு குறுக்கிடுகிறது. பவானிசாகர் அணை நிரம்பும் காலங்களில் நீர்த்தேக்கம் இவ்விடம் வரை எட்டும். அங்கிருந்த பாலம் மூழ்கியபோதெல்லாம் மாணவர்களும் விவசாயிகளும் பரிசலையும் மோட்டார் படகையும் நம்பியே கரை கடந்தனர். இத்தகைய ஊர்களுக்குக் குறைந்த செலவில் ஒரு படகு எந்திரத்தை நாமே அமைத்துக்கொள்ள இயலுமா என்பதை ஆராய்வோம்.

1937-ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்சார மோட்டாரை உள்நாட்டிலேயே உருவாக்கிய கோவைச் சீமை இது. லேத் பட்டறை இல்லாத ஊர் இங்கு அரிது. ஆகவே திறமைக்குக் குறைவில்லை, முறையே தேவை.

முதலாவதாக, பரிசலில் எந்திரம் பொருத்தலாகாது. வட்ட வடிவினதாதலால் அது நேரே செல்லாமல் சுழலும். பின்புறம் சதுரமாக அமைந்த, தட்டையான அடிப்பாகமுள்ள படகே ஏற்றது.

இரண்டாவதாக, எந்திரம். கிணற்று மேட்டில் ஓடும் கனத்த டீசல் எஞ்சின் சிறு படகுக்கு ஆகாது. காற்றால் குளிரும் 5 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் சுமார் 15 கிலோ எடையே உள்ளது, அது போதும். தாய்லாந்து நாட்டு மீனவர் கையாளும் நீள்வால் முறையே எளியது. எஞ்சினோடு நீண்ட எஃகுத் தண்டை இணைத்து, அதைக் குழாய்க்குள் புஷ் வைத்துச் செலுத்தி, நுனியில் சிறு விசிறியைப் பூட்ட வேண்டும். எடை சமனாகும் இடத்தில் அச்சாணி வைத்துப் படகின் பின்பலகையில் நிறுத்தினால், கைப்பிடியாலேயே திருப்பவும் தூக்கவும் முடியும். ஆழமற்ற நீரிலும் பாசியிலும் விசிறியை உடனே உயர்த்திவிடலாம். உந்துவிசை முழுவதும் பின்பலகையில் விழுவதால், உட்புறம் தடித்த பலகை கொடுத்துப் போல்ட்டுகளை முடுக்குவது அவசியம்.

இவ்வமைப்பில் கிளட்ச் இல்லை. எஞ்சின் ஓடினால் விசிறியும் சுழலும். எனவே வாலை நீருக்கு மேல் தூக்கி, அருகில் எவரும் இல்லாததைக் கண்ட பின்னரே ஓட்டத் தொடங்க வேண்டும். ஓட்டுபவர் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றுச் சுவிட்சும் இன்றியமையாதது.

குறுகிய நீர்ப்பரப்புக்கு 12 வோல்ட் பாட்டரி மோட்டாரும் பயன்படும். 30 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் ஏறத்தாழ அரைக் குதிரைத்திறன் உடையது. 100 ஆம்பியர்-மணி பாட்டரியில் பாதியை மட்டும் செலவிட்டால் ஒன்றரை மணி நேரம் ஓடும். வேகம் நடைவேகமே, வேகத்தை இரட்டிப்பாக்க ஏறக்குறைய எட்டு மடங்கு சக்தி வேண்டும். ஆனால் புகையும் எண்ணெய்க் கசிவும் இல்லை. பவானி நீர் பல ஊர்களின் குடிநீர் என்பதை நாம் மறத்தலாகாது.

முதல் ஓட்டம் வெறும் படகில் நடைபெறட்டும். படகைக் கரையில் கட்டிப் பத்து நிமிடம் ஓட்டி, புஷ் சூடேறுகிறதா, போல்ட் தளர்கிறதா என்று சோதிக்க வேண்டும். பயணிகளை ஏற்றுமுன், 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி ஆய்வும் பதிவும் பெறுவதும், அணை அதிகாரிகளின் அனுமதி பெறுவதும் பஞ்சாயத்தின் கடமை. ஆளுக்கொரு மிதவைச் சட்டை இல்லாமல் படகு புறப்படலாகாது. எந்திரத்தில் மிச்சம் பிடிக்கலாம்; உயிர்க்காப்பில் மிச்சம் பிடிக்க நமக்கு உரிமை இல்லை.