18 நகம், 9 தவணை: முயலுக்கு வீட்டிலேயே நகம் வெட்டுவது எப்படி?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், செல்லப்பிராணி வளர்ப்போருக்கான பகுதியில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்’ என்று பிடிவாதக்காரர்களைச் சொல்வோம். கவனித்தீர்களா, அந்தப் பழமொழியில் பிடிவாதம் முயலுக்கு இல்லை, பிடித்தவருக்குத்தான். முயலுக்கு நகம் வெட்டும் விஷயத்திலும் கதை அதேதான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. பி.காம். படித்துவிட்டு 34 வருஷம் வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்தவன். ஐந்து வருஷமாக எங்கள் வீட்டில் பஞ்சு என்று ஒரு முயல் இருக்கிறது. அதற்கு நானும் என் மனைவியும்தான் நகம் வெட்டுகிறோம். நம் குடியிருப்பில் இப்போது ஆறு வீடுகளில் முயல் இருக்கிறது. அதில் ஒரு வீட்டில், குழந்தையின் கையைக் கீறிவிட்டது என்பதால் முயலை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறார்கள். அதைக் கேட்ட பிறகுதான் செயலாளரிடம் பேச நேரம் கேட்டேன்.

நகம் ஏன் இவ்வளவு வளர்கிறது?

நாம் வீட்டில் வளர்க்கும் முயல் நம் ஊர்க் காட்டு முயலின் வழி வந்தது இல்லை. அதன் முன்னோர்கள் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து முயல்கள். நம் காட்டு முயல் புதர் ஓரத்தில் பதுங்கிப் படுக்கும். அந்த முயலோ மண்ணைத் தோண்டி வளை அமைத்து, கூட்டமாக வாழும். நகம்தான் அதற்கு மண்வெட்டி. தோண்டத் தோண்டத் தேயும், தேயத் தேய வளரும். பூனையைப் போல நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளவும் முயலுக்கு முடியாது.

மூன்றாவது மாடியில் விட்ரிஃபைட் டைல்ஸ் மேல் ஓடும் முயல் எதைத் தோண்டும்? நகம் தேய வழியில்லை, ஆனால் வளர்ச்சி நிற்பதில்லை. அதனால் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை நாம்தான் வெட்டிவிட வேண்டும்.

வெட்டாமல் விட்டால் என்ன ஆகும்? கால்மிதி, சாக்கு, சோபாத் துணி என்று எதிலாவது நகம் மாட்டும். பயந்து இழுக்கும்போது நகம் வேரோடு பிய்ந்துவிடும். இன்னொன்று, வெளியே தெரியாமல் நடப்பது. முயலின் பாதத்தில் நாய், பூனைக்கு இருப்பது போன்ற மெத்தைச் சதை கிடையாது, ரோமம்தான். முன்பக்கம் நீண்ட நகம் இடிப்பதால் எடையைப் பின்னுக்குத் தள்ளி உட்காரும். நாளடைவில் பின்னங்காலின் குதிகால் பக்கம் ரோமம் உதிர்ந்து, தோல் சிவந்து, புண்ணாகும். அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் ஆகும்.

ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறது?

இது திமிரில்லை, பயம். முயலை உயரத் தூக்குவது யார்? கழுகும் நரியும்தான். கால் தரையை விட்டு எழும்பியதும், உயிர் போகப் போகிறது என்று அதன் உடம்பு முடிவு செய்துவிடும்.

இந்த இடத்தை எல்லோரும் கவனமாகக் கேளுங்கள். முயலின் எலும்புக்கூடு அதன் உடல் எடையில் 7, 8 சதவீதம்தான். பூனைக்கு 12, 13 சதவீதம். 2 கிலோ முயல் என்றால் அத்தனை எலும்பும் சேர்ந்து சுமார் 150 கிராம். ஆனால் பின்னங்கால் தசையின் பலம் உங்களுக்கே தெரியும். அதை அழுத்திப் பிடித்திருக்கும்போது இரண்டு காலாலும் உதைத்தால், அந்த உதையின் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறிந்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அது நடந்தது. மூன்று பேர் சேர்ந்து பிடித்தார்கள், மல்லாக்கப் போட்டார்கள். நாலாவது நகம் வெட்டும்போது ஒரு உதறல், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பின்னங்கால் இரண்டும் இழுபட்டன. இரண்டு வாரத்தில் முயல் போய்விட்டது. அவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. அந்த முயலுக்குத் தனியாகக் கொத்தமல்லி வாங்குகிறவர்கள். அன்றைக்கே எல்லா நகத்தையும் முடித்துவிட வேண்டும் என்று நினைத்தார்கள்.

செய்யக்கூடாதவை

காதைப் பிடித்துத் தூக்கக்கூடாது. பிடரித் தோலை மட்டும் பிடித்தும் தூக்கக்கூடாது.

மல்லாக்கப் படுக்க வைத்தால் முயல் அசையாமல் கிடக்கும், சுலபமாக வெட்டலாம் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். அது தூக்கமோ சுகமோ இல்லை. வேட்டை மிருகத்தின் வாயில் அகப்பட்ட பிராணி செத்தது போல் கிடக்குமே, அந்த நிலை. உள்ளே இதயம் படபடத்துக்கொண்டிருக்கும். சட்டென்று விழித்து உதறும்போதுதான் ஆபத்து.

மேஜை மேல், வாஷிங் மெஷின் மேல் வைத்து வெட்டாதீர்கள், குதித்துவிடும். பால்கனிக் கதவைச் சாத்திவிடுங்கள். வெயில் நேரத்தில் வேண்டாம். 30 டிகிரியைத் தாண்டினாலே முயலுக்குச் சிரமம், அதில் பயமும் சேரக்கூடாது. நம் ஊர் மே மாதத்தில் காலை ஆறரை, ஏழு மணிதான் சரி.

தேவையான பொருள்கள்

பூனைக்கு வெட்டும் சின்னக் கத்தரி மாதிரியான நெயில் கட்டர் பெட் ஷாப்பில் கிடைக்கும். சின்ன முயலுக்கு நாம் வெட்டிக்கொள்ளும் நெயில் கட்டரே போதும், கூர்மையாக இருந்தால் சரி. செல்போன் டார்ச். பஞ்சு. ஒரு மூடியில் சோளமாவு, அதாவது கார்ன்ஃப்ளவர். வழுக்காத ரப்பர் மேட். ஒரு பழைய ஈரிழைத் துண்டு. டர்க்கி டவல் வேண்டாம், அதன் நூல் வளையத்தில் நகம் மாட்டும். கடைசியாக, ஆய்ந்த கொத்தமல்லி ஒரு கைப்பிடி.

தவணை முறை

முயலுக்கு முன்னங்கால் ஒவ்வொன்றிலும் 5 நகம், பின்னங்கால் ஒவ்வொன்றிலும் 4 நகம். மொத்தம் 18. முன்னங்காலில் உள்பக்கம் சற்று மேலே இருக்கும் ஐந்தாவது நகத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதுதான் வளைந்து சதையில் குத்தும்.

18 நகத்தையும் ஒரே நாளில் வெட்ட வேண்டும் என்று யார் சொன்னது? கடன் வாங்கியவரிடம் நாங்கள்கூட மொத்தத்தையும் ஒரே நாளில் கேட்டதில்லை! ஒரு நாளைக்கு 2 நகம். 9 நாளில் கணக்கு முடிந்துவிடும். நாளுக்கு ஐந்து நிமிஷம் போதும். எந்த நகம் முடிந்தது என்று காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் முதல் வாரம் நகத்தைத் தொடவே தொடாதீர்கள். மேட்டில் முயலின் பக்கவாட்டில் தரையில் உட்காருங்கள். நேர் முன்னால் வேண்டாம். முயலுக்குச் சுற்றிலும் கண் தெரியும், மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது மட்டும் தெரியாது. அங்கே திடீரென்று கை வந்தால் மிரளும். கொத்தமல்லியைக் கொடுத்துக்கொண்டே தோள், பிறகு கால், பிறகு விரல் என்று நாளுக்கு நாள் கொஞ்சம் தள்ளித் தொடுங்கள். கட்டரைப் பக்கத்தில் வைத்து முகர விடுங்கள். அதன் ‘டிக்’ சத்தமும் பழக வேண்டும். என் மனைவி கண்டுபிடித்த வழி இது: கட்டரால் சேமியாவை நறுக்கினால் கிட்டத்தட்ட அதே சத்தம் வரும். அந்த நேரத்தில் ஒரு கொத்தமல்லி கொடுங்கள். சத்தம் கேட்டால் தீனி வரும் என்று ஒரு வாரத்தில் புரிந்துகொள்ளும்.

அடுத்த வாரம் வெட்டலாம். ஒருவர் தீனி கொடுக்க வேண்டும், ஒருவர் வெட்ட வேண்டும். முயலின் நாலு காலும் மேட்டில் ஊன்றியிருக்கட்டும். உங்கள் தொடை அதற்கு ஒரு பக்கச் சுவர். வெட்டப்போகும் ஒரு காலை மட்டும் ஓர் அங்குலம் தூக்குங்கள். காலை வெளிப்பக்கமாக இழுக்காதீர்கள், அது மடங்கும் போக்கிலேயே முன்னும் பின்னுமாக நகர்த்துங்கள். ஈர விரலால் ரோமத்தை ஒதுக்கினால் நகம் தெரியும்.

வெள்ளை முயலுக்கு நகம் வெளிறியிருக்கும், உள்ளே ரோஜா நிறத்தில் ரத்தக்குழாய் தெரியும். அது முடியும் இடத்திலிருந்து 2, 3 மில்லிமீட்டர் தள்ளி வெட்டுங்கள். கொடைக்கானல் போனபோது மன்னவனூர் ஆட்டுப் பண்ணைக்குப் போனவர்கள் அங்கே சோவியத் சின்சில்லா என்ற சாம்பல் நிற முயலையும் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி முயல்களுக்கு நகம் கருத்திருக்கும். அதற்கு நகத்தின் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் நிழலாகத் தெரியும். தெரியாவிட்டால் நுனியை மட்டும் வெட்டினால் போதும். வெட்டுவதற்கு முன் கட்டரை லேசாக அழுத்திப் பாருங்கள். முயல் சட்டென்று காலை இழுத்தால் இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளி வையுங்கள்.

கண்ணில் வெள்ளை தெரிகிறதா, காது முதுகோடு ஒட்டிக்கொண்டதா, பின்னங்காலால் தரையைத் தட்டுகிறதா? அன்றைக்கு ஒரு நகம்கூட ஆகவில்லை என்றாலும் நிறுத்திவிடுங்கள். முயல் நம்மிடம் வைத்திருக்கும் நம்பிக்கைதான் முதல். அதில் கைவைத்து 18 நகத்தையும் முடித்தால், அடுத்த மாதம் கட்டிலுக்கு அடியிலிருந்து அது வெளியே வராது.

தரையில் உட்காரவே மாட்டேன் என்கிற முயலைத் துண்டில் சுற்றலாம். நாலு காலும் உடம்புக்குக் கீழே இருக்க வேண்டும், தலை வெளியே. ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் எடுங்கள். ஃபேனுக்குக் கீழே, ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம்.

ரத்தம் வந்தால்

பதற வேண்டாம். சோளமாவைத் தொட்டு, பஞ்சால் இரண்டு மூன்று நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். சுண்ணாம்பு, டிங்சர் எதுவும் வேண்டாம். நமக்கான வலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. கால் மணி நேரத்தில் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள்.

வெட்டிய பிறகு அரை நாள் கவனியுங்கள். முயலின் குடல் ஓய்வில்லாமல் இயங்க வேண்டியது. பயந்துபோய் 10, 12 மணி நேரம் சாப்பிடாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அது அவசரம், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. பின்னங்கால் தள்ளாடினாலோ இழுபட்டாலோ உடனே, அசங்காமல் பெட்டியில் வைத்து எடுத்துப் போங்கள். எந்தக் கிளினிக்கானாலும் முயல் பார்ப்பார்களா என்று முதலில் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் நாயும் பூனையும்தான் பார்க்கிறார்கள். நம் ஊரில் வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அதன் மருத்துவமனையும் இருக்கிறது. அந்த வழியை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விகள்

*ரொம்ப நீண்டு வளைந்துவிட்டது. ஒரேயடியாகக் குறைக்கலாமா?* கூடாது. நகத்தோடு உள்ளே ரத்தக்குழாயும் நீண்டிருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நுனியை மட்டும் வெட்டி வந்தால் அது மெல்லப் பின்வாங்கும்.

*குழந்தைகள் பிடிக்கலாமா?* தீனி கொடுக்கும் வேலையைக் குழந்தைக்குக் கொடுங்கள், அதைச் சந்தோஷமாகச் செய்யும். பிடிப்பதும் வெட்டுவதும் பெரியவர்கள் வேலை. கீறல் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, ஆழமாக இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

*தனியாக இருக்கிறேன், பிடிக்க ஆளில்லை.* தட்டில் கொத்தமல்லியைப் பரப்பி வைத்துவிட்டு ஒரு நாளைக்கு ஒரு நகம் வெட்டுங்கள், 18 நாள் ஆகட்டும். அதுவும் முடியாவிட்டால் இண்டர்காமில் கூப்பிடுங்கள். காலை ஏழு மணிக்கு நானோ என் மனைவியோ வருவோம்.

முயலைக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கும் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். பழக்க ஒரு வாரம், வெட்ட 9 நாள், ஆக 16 நாள் பொறுங்கள். அதுவரை குழந்தை முயலைத் தூக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து தீனி மட்டும் கொடுக்கட்டும். நகம் குட்டையானால் கீறல் பெரும்பாலும் குறைந்துவிடும். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால், பூங்காவில் மட்டும் விட்டுவிடாதீர்கள். வீட்டில் வளர்ந்த முயல் நாய்க்கும் காக்கைக்கும் நடுவில் இரண்டு நாள் தாங்காது. சங்கத்திடம் சொல்லுங்கள், நல்ல வீடாக நாமே பார்ப்போம்.