மூதாதையருக்கு ஊற்றப்படும் கள்ளும் பாலும்



நவம்பர் 2, கல்லறைத் திருநாள். உதகையிலும் குன்னூரிலும் உள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டங்களில் அன்று காலையிலேயே கூட்டம் கூடிவிடும். புல்லைச் செதுக்கி, கல்லறைகளைக் கழுவி, செண்டுமல்லி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அதே நாளில், பூமியின் மறுபக்கத்தில், மெக்சிகோவின் இடுகாடுகளும் அதே பூவால் மஞ்சளாகிக் கிடக்கும். செண்டுமல்லிக்குத் தாயகமே மெக்சிகோதான். கடல் கடந்து வந்து, நம் ஊர்ப் பூக்கடையில் வெட்கமில்லாமல் உள்ளூர்க்காரியாகிவிட்ட பூ அது. நாளும் ஒன்று, பூவும் ஒன்று. ஒரு பொருளில்தான் வேறுபாடு. மெக்சிகோவில் இறந்தவருக்கான மேசையில் தண்ணீர், உப்பு, ரொட்டி, சாம்பிராணிப் புகை இவற்றோடு ஒரு சிறு கோப்பை மெஸ்கல் மது இருக்கும். நீலகிரியின் கல்லறைக் கல்மேல் அந்தக் கோப்பை இல்லை. ஆனால் அதே மலையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயன் வீட்டில், பதினாறாம் நாள் படையல் இலையருகே அது இருக்கிறது. இறந்தவருக்கு மது வைப்பது யார், வைக்காதவர் யார், ஏன் என்ற கேள்விக்காகத்தான் இந்தக் கருத்தரங்கு கூடியிருக்கிறது.

மெக்சிகோவின் கதையை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அங்கே பழமையான மது புல்கே. ஆனைக்கற்றாழை இனச் செடி பல ஆண்டுகள் வளர்ந்து, பூத்தண்டு விடும் தறுவாயில், அதன் நடுக்குருத்தைக் குடைந்து ஊறும் இனிய சாற்றை எடுப்பார்கள். அந்தச் சாறு பனம்பாளைச் சாற்றைப் போலவே சில மணி நேரத்தில் புளித்து மதுவாகிவிடும். அஸ்டெக் மக்கள் அந்தச் செடியை மாயாவெல் என்ற பெண் தெய்வமாக வணங்கினார்கள். கண்டவர் கண்டபோது குடிக்க அவர்கள் சமூகம் விடவில்லை. முதியோருக்கு உரிமை இருந்தது. மற்றவர்கள் குடித்துத் திரிந்தால் கடும் தண்டனை. மெஸ்கலும் டெக்கீலாவும் அதே இனச் செடியிலிருந்து காய்ச்சி வடிப்பவை. வடிக்கும் கலை அங்கே வேரூன்றியதில் ஆசியாவுக்கு ஒரு பங்கு உண்டு என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகாபுல்கோவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் பிலிப்பைன்ஸ் மக்கள் போய்ச் சேர்ந்தார்கள். கொலிமா கடற்கரையில் தென்னை வைத்து, கள் இறக்கி, அதைச் சாராயமாக வடித்தார்கள். கொலிமா தெருக்களில் தென்னங்கள் 'டூபா' என்ற பிலிப்பைன்ஸ் பெயரோடு இன்றும் விற்பனையாகிறது. இறந்தோருக்கு மேசையிட்டுப் படைக்கும் மெக்சிகோவின் வழிபாட்டை யுனெஸ்கோ 2008-இல் மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இறந்தவருக்கு மது படைப்பது தமிழருக்கு வேற்று நாட்டு அதிசயம் அல்ல. அகநானூற்றின் 35-ஆம் பாட்டில், நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, துடி முழக்கி, நெல்லால் ஆக்கிய தோப்பிக் கள்ளும் செம்மறிப் பலியும் கொடுக்கும் வழக்கம் தெளிவாக வருகிறது. புறநானூற்றின் 232-ஆம் பாட்டில், அதியமானை இழந்த ஔவை, நடுகல் முன் சிறு கலத்தில் ஊற்றும் நாரால் வடித்த கள்ளை அவன் ஏற்றுக்கொள்வானா என்று கேட்டு நிற்கிறாள். மலையோடு கூடிய நாட்டையே தந்தாலும் வாங்க மறுத்தவனுக்கு இந்தச் சிறு கலமா என்ற தவிப்பு அது. உலகின் எந்த மொழியில் கையறுநிலைப் பாடல்களைத் தொகுத்தாலும் அந்தப் பாட்டு முன்வரிசையில் நிற்கும். ஆய்வாளர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் இங்கே இருக்கிறது. உயிரோடு இருந்தபோது அவனும் ஔவையும் ஒன்றாக அமர்ந்து கள்ளுண்டவர்கள். கல்லுக்கு ஊற்றும் கள் அந்த உறவின் தொடர்ச்சி. யாரோ ஒரு தெய்வத்துக்குச் செலுத்தும் காணிக்கையாக அவள் அதைப் பார்க்கவில்லை.

தொல்காப்பியம் நடுகல் வழிபாட்டை ஆறு படிகளாகப் பிரிக்கும்: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். படையலுக்குத் தனியாக ஒரு படியே ஒதுக்கியிருக்கிறது இலக்கணம். 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் கிடைத்தபோது, சங்கப் பாட்டின் நடுகல்லுக்கு மண்ணிலிருந்தே சான்று வந்தது. நீலகிரியும் இதற்கு விலக்கல்ல. சோலூர், மேலூர்ப் பக்கங்களில் வீரர் உருவம் செதுக்கிய கல்திட்டைகள் உள்ளன. கோத்தகிரி அருகே பாணகுடிச் சோலையிலும் பழைய கல்லமைப்புகள் இருக்கின்றன.

இனி லயன் வீட்டுக்குள் போகலாம். பதினாறாம் நாள் கருமாதி. கூடத்துச் சுவரில் மாலை போட்ட படம். அதன் கீழே தலைவாழை இலை. சோறு, கறிக்குழம்பு, அவித்த முட்டை, கருவாடு, முறுக்கு, வெற்றிலை பாக்கு. செத்தவர் புகைத்தவரென்றால் பற்றவைத்த பீடியோ சுருட்டோ இலை ஓரத்தில் இருக்கும். குடித்தவரென்றால் அவர் வழக்கமாக வாங்கிய அதே சரக்கு. மூடியைத் திருகித் திறந்து, எவர்சில்வர் டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, பாட்டிலையும் பக்கத்திலேயே வைப்பார்கள். மூடியோடு வைப்பதில்லை, மூடியிருந்தால் அவர் எப்படி எடுத்துக்கொள்வார்? சாம்பிராணி போட்டு, தேங்காய் உடைத்து, எல்லோரும் விழுந்து கும்பிட்டபின், கதவைச் சாத்திவிட்டு வீட்டார் அத்தனை பேரும் வெளியே வந்து நிற்பார்கள். உள்ளே வந்து சாப்பிடுகிறவருக்குக் கூச்சம் இருக்கக் கூடாது. சற்று நேரம் கழித்துக் கதவைத் தட்டி, கனைத்துவிட்டுத்தான் திறப்பார்கள். இலையில் எது கலைந்திருக்கிறது, டம்ளரில் அளவு குறைந்திருக்கிறதா என்று பெரியவர்கள் குனிந்து பார்ப்பார்கள். பிறகு காக்கைக்குச் சோறு. மிச்சச் சரக்கு பங்காளிகளுக்கு. வேண்டாம் என்பவரும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்வார்.

இதைக் குடிப்பழக்கத்தின் நீட்சி என்று எழுதித் தள்ளிய அறிக்கைகள் உண்டு. அது மேலோட்டமான பார்வை. அந்தக் கூடத்தில் நடப்பது விருந்தோம்பல். இன்ன குழம்பு, இன்ன பீடி, இன்ன சரக்கு என்று ஒருவரின் விருப்பங்களை வீடே நினைவில் வைத்திருந்து பரிமாறுகிறது. மலைத்தோட்டங்களுக்குக் கூலிகளாக ஏறிவந்து, ஊரும் நிலமும் இல்லாமல் வாழ்ந்தவர்களுக்குக் கல்லறைக் கல்லில் பெயர் பொறிக்க வசதி இருந்ததில்லை. அவர்களின் வாழ்க்கை வரலாறு எழுதப்பட்ட இடம் அந்த வாழையிலை. ஒரு குடும்பத்தின் படையல் பட்டியல்களைத் தலைமுறை வாரியாகத் தொகுத்தால், தோட்டத் தொழிலாளரின் சமூக வரலாற்றில் பாதி கிடைத்துவிடும்.

இலங்கையிலிருந்து வந்தவர்களின் வழி இன்னொன்று. 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பியவர்களில் பலர் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோட்டங்களில், கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கங்களில் குடியமர்ந்தார்கள். இலங்கை மலையகத்தில் தேயிலை ஆலையின் சக்கரத்தைக் காக்கும் ரோதைமுனிக்கும் மற்ற காவல் தெய்வங்களுக்கும் சாராயமும் சுருட்டும் படைப்பது வழக்கம். தமிழகத்து மதுரைவீரனும் வாழ்ந்து, அகாலத்தில் மாண்டு, சாமியானவன்தான். இறந்தவருக்கும் தெய்வத்துக்கும் நடுவே நம் மக்கள் கோட்டை அழுத்திப் போட்டதில்லை; கோப்பை இரு பக்கமும் போகும்.

நீலகிரியின் சிறப்பே, இதே மலையில் மதுவுக்கு இடமில்லாத நீத்தார் சடங்குகளும் செழித்திருப்பதுதான். எருமை மேய்க்கும் தோடர்களிடம் 1901–02-இல் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட நூலில், அவர்களின் ஈமச் சடங்கு முழுக்க எருமையைச் சுற்றியே நடக்கிறது. முதலில் உடலை எரிக்கும் பச்சைச் சாவு. பின்னொரு காலத்தில் எஞ்சிய சின்னங்களுக்கு உலர் சாவு. பலியிட்ட எருமைகள் மேற்கிலுள்ள நீத்தார் உலகுக்கு இறந்தவரோடு போகும். அங்கும் அவர் பாலுக்கு அவை வேண்டும். சிதையில் தானியம், வெல்லம், தேன் எல்லாம் சேரும். படகர்கள், உயிர் பிரியும் நேரத்தில் வீரராயன் பணம் என்ற சிறு பொன்காசை நெய்யில் தோய்த்து வாயில் இடுவார்கள். பிறகு முதியவர் ஒருவர் கரு ஹரசும் சடங்கில், இறந்தவரும் அவர் முன்னோரும் செய்திருக்கக்கூடிய பாவங்களை வரிசையாகச் சொல்லிப் போக்குவார். தென்னிந்திய நாட்டுப் பாடல்களைத் தொகுத்த சார்லஸ் கோவர் 1871-இலேயே இதை அச்சில் ஏற்றியிருக்கிறார். மூதாட்டியே தெய்வமான ஹெத்தைக்கு எடுக்கும் விழாவில் ஊரே வெள்ளுடையில் நடந்து வரும். இருளரும் குறும்பரும் இறந்தவருக்காகச் சாவு மனை என்ற சிறு கல்லமைப்பில் ஆற்றில் உருண்ட கூழாங்கல் வைத்ததைப் பழைய பதிவுகள் சொல்கின்றன.

இந்த வேறுபாட்டைத் தூய்மை, தூய்மையின்மை என்ற அளவுகோலால் அளந்துவிடுவது எளிது. ஆனால் அந்த அளவுகோல் இங்கே உதவாது. மந்தை வைத்திருந்தவர் பாலும் நெய்யும் கொடுத்தார். நெல் விளைத்தவர் தோப்பி கொடுத்தார். பனையும் தென்னையும் வைத்திருந்தவர் கள் கொடுத்தார். கற்றாழை வளர்த்தவர் புல்கே கொடுத்தார். தன் கையால் உண்டாக்கியதில் முதல் பங்கு முன்னோருக்கு என்பதே அடிப்படை. சங்கப் பாட்டில் வரும் தோப்பிகூட வீட்டில் ஆக்கிய கள்தான்.

அந்த அடிப்படைதான் இன்று தமிழ்நாட்டில் அறுந்திருக்கிறது. 1987-இல் கள்ளும் சாராயமும் தடைபட்டன. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் கையில். படையலுக்கு இன்று கிடைப்பது ஆலையில் நிறமேற்றி அடைத்த பாட்டில் மட்டுமே. 2022-இல் நீலகிரியில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. காட்டில் வீசிய பாட்டில் உடைந்து யானைகளின் காலைக் கிழித்ததே காரணம். பனங்கள் இறக்கிய கலயம் மண்ணோடு மண்ணாகும். இந்தப் பாட்டில் அப்படி ஆகாது. தேவாலயப் பூசைக்கான திராட்சை ரசத்துக்கு இம்மாநிலத்தில் தனி விதிகளே உள்ளன. மத்தியப் பிரதேசமும் சத்தீஸ்கரும் பழங்குடியினர் தம் வீட்டுத் தேவைக்கும் சடங்குக்கும் இலுப்பைப்பூச் சாராயம் காய்ச்ச விலக்கு அளித்திருக்கின்றன. ஔவை ஊற்றிய நார்வடிக் கள்ளுக்கு மட்டும் ஔவையின் நாட்டில் விதியும் இல்லை, விலக்கும் இல்லை.

மறுபக்கத்தை மறைத்தால் இந்த அவை நேர்மையற்றதாகிவிடும். தேயிலை பறித்த கூலி சனிக்கிழமை மாலையே கடைக்குப் போய்விடும் வீடுகள் இந்த மலையில் ஏராளம். படத்துக்கு மாலை போட்டிருப்பவரைக் கொன்றதே அந்தச் சரக்கு என்று தெரிந்தும், அதையே டம்ளரில் ஊற்ற வேண்டியிருக்கும் மனைவியின் மனத்தை எந்த ஆய்வும் இதுவரை உரியபடி கேட்கவில்லை. சில வீடுகளில் பெண்கள் துணிந்து டம்ளரை மாற்றுகிறார்கள். தேநீரோ, வண்ணப் பானமோ இலையருகே வருகிறது. அதை மரபுச் சிதைவு என்று புலம்ப வேண்டியதில்லை. மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில், மாயா வழிவந்த மக்கள் கரும்புச் சாராயமான போஷ் வைக்கும் சடங்குகளில் கோகோ கோலாவும் நுழைந்துவிட்டது, சடங்கு நிற்கவில்லை. எந்தப் பானத்தை யார் மாற்றுகிறார், யார் அனுமதித்து மாற்றுகிறார் என்பதே ஆராய வேண்டிய செய்தி.

செய்ய வேண்டிய வேலைகளில் இரண்டை மட்டும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். நீலகிரியின் முதல் ஆணையரான ஜேம்ஸ் பிரீக்ஸ் இம்மலையின் கல்வட்டங்களைத் தோண்டி எடுத்த மட்கலங்களும் வெண்கலக் கிண்ணங்களும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவர் நூல் அவர் மறைவுக்குப் பின் 1873-இல் வெளிவந்தது. மூடிமேல் எருமை உருவம் வைத்த அந்த அழகிய கலங்கள் இறந்தவருக்காகப் புதைத்தவை. அவற்றில் ஊற்றியது பாலா, கள்ளா, வெறும் நீரா? ஊகிக்கத் தேவையில்லை. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், மெக்சிகோவின் பழைய தியோதிவாக்கன் நகரத்தின் ஆயிரத்து நானூறு ஆண்டுக்கும் மூத்த பானையோடுகளில் புல்கேயைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரியின் கொழுப்புத் தடயத்தைக் கண்டுபிடித்துக் காட்டிவிட்டார்கள். பாலின் கொழுப்புக்கும் அப்படித் தனி அடையாளம் உண்டு. ஒரு சிட்டிகை ஓட்டுத்தூள் போதும். இந்தக் கருத்தரங்கின் முடிவில் நிறைவேறும் தீர்மானங்களில், பிரீக்ஸ் சேகரிப்பின் கலங்களை அவ்வாறு சோதிக்கக் கோரும் கடிதமும், தோட்டத்து லயன்களில் படையல் இலைகளைப் பெண்களின் வாய்மொழியாகவே பதிவு செய்யும் திட்டமும் முதல் இரண்டாக இடம்பெற வேண்டும். இலையை இடுகிறவர்கள் அவர்கள். கதவுக்கு வெளியே நின்று காத்திருப்பவர்களும் அவர்கள்தான். முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.