முப்பது எண்ணி முடிக்கிறதுக்குள்ள

இந்த வாரம் இன்டர்வியூ, அப்ரைசல், நோட்டீஸ் பீரியட் எதுவும் கிடையாது. மீன் பிடிக்கப் போன கதை. மீன் கதைன்னாலே ரெண்டு கையையும் விரிச்சு "இம்புட்டுப் பெருசு"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. நான் முன்னாடியே சொல்லிடறேன், பெரிய மீன் கைக்கு வரல.

கூட வந்தது என் காலேஜ் நண்பன். நாலு வருஷமா டொரண்டோ பக்கம் இருக்கான். பேரைச் சொல்லக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டுட்டுத்தான் இதைப் பேசவே சம்மதிச்சான். அதனால கனடாக்காரன்னே வச்சுக்குவோம்.

இவனுக்கு அங்க புதுசா ஒரு பைத்தியம் பிடிச்சிருக்கு. டொரண்டோவுக்கு வடக்கே ஒரு மணி நேரம் ஓட்டினா சிம்கோன்னு ஒரு ஏரி. நம்ம மதுரை மாநகராட்சி மாதிரி கிட்டத்தட்ட அஞ்சை உள்ள வைக்கலாம், அவ்வளவு பெருசு. ஜனவரி, பிப்ரவரியில அது மேல உறைஞ்சு போயிடும். இவிங்க அது மேல நடந்து போயி, ஆகர்னு ஒரு துளை போடுற கருவியால ஓட்டை போட்டு, அதுக்குள்ள தூண்டிலை இறக்கிட்டு உக்காந்திருக்காங்க. மைனஸ் பதினைஞ்சு டிகிரியில! ஏண்டா, மேல எல்லாம் ஐஸ், கீழ மீன் எப்படிடா உசுரோட இருக்கும்னு கேட்டேன். தண்ணி 4 டிகிரியிலதான் ரொம்ப கனம், அதை விடக் குளிர்ந்தா லேசாகி மேல வந்துடும், அதனால ஐஸ் மூடி மாதிரி மேல நிக்கும், அடியில தண்ணி தண்ணியாவே இருக்கும்னான். ஒன்பதாங் கிளாஸ்ல படிச்சதுதான். பரீட்சைக்கு எழுதினதோட மறந்தாச்சு.

ஆனா அவன் சொன்னதுல எனக்கு அன்னைக்குச் சிரிப்பு வந்த விஷயம் வேற. அவிங்க கேங்ல ஒரு விதி இருக்கு. தெளிவான ஐஸ் நாலு இஞ்ச் கனம் இருந்தா நடக்கலாம். வெள்ளையா, பனி கலந்த ஐஸ்னா பலம் பாதிதான், அதனால எட்டு இஞ்ச் வேணும். கரையோரத்துல ஓட்டை போட்டு ஸ்கேலை வச்சுப் பாப்பாங்க. குறைஞ்சா திரும்பிடணும். "ஐஸ் மேல நின்னுக்கிட்டு யாரும் விவாதம் பண்ணக் கூடாது மாப்ள. முடிவு வீட்டுலயே பண்ணியாச்சு." மீன் பிடிக்கிறதுக்கெல்லாம் எஸ்ஓபியாடான்னு கலாய்ச்சேன்.

அவன் போன அக்டோபர்ல மதுரைக்கு வந்தான், மனைவியோட, நாலு மாசக் குழந்தையோட. வந்த மறுநாளே, "நீ ஐஸ்ல புடிக்கிற, வா, நம்ம கண்மாய்ல புடிச்சுக் காட்டு"ன்னு இழுத்தேன். ஆமா, கூப்பிட்டது நான்தான். இதை ஞாபகம் வச்சுக்குங்க.

சிட்டிப் பசங்களுக்கு ஒரு தகவல். கண்மாய்ன்னா யாரு வேணா போயித் தூண்டில் போடலாம்னு நினைக்கிறோம். அப்படி இல்ல. கண்மாய் மீன் குத்தகைக்குப் போகும், மீன்பாசி ஏலம்னு சொல்வாங்க. ஏலம் எடுத்தவங்க காசு போட்டுக் குஞ்சு விட்டு வளர்க்கிறாங்க. கோடையில தண்ணி வத்தினதும் மேலூர், சிங்கம்புணரி பக்கமெல்லாம் மீன்பிடித் திருவிழா நடக்குமே, ஊத்தா, கச்சாவோட ஊரே இறங்குமே, அது ஊர் கூடி விடுற அனுமதி. மத்த நாள் கேக்காம போட்டா திருட்டுத்தான். எங்களுக்கு மேலூர் தாண்டி ஒரு கண்மாய்ல என் மாமா பங்குதாரர். ரெண்டு தூண்டில்னா போட்டுக்கன்னு சொன்னார். கூடவே ஒண்ணு சொன்னார்: "மதியத்துக்குள்ள கரைய விட்டு எறங்கிருங்கடா."

அதை நான் காதுல வாங்கவே இல்லை.

விடியக்காலை மாட்டுத்தாவணியில டீ. ஒத்தக்கடை தாண்டும்போது யானைமலைக்குப் பின்னாடி வானம் சுத்தமா இருந்துச்சு. கண்மாய் முக்கால்வாசி நிறைஞ்சிருந்துச்சு. அந்தப் பக்கம் பெரியாறு கால்வாயோட கடைமடை. 1895-ல கட்டி முடிச்ச அணையில இருந்து மலைக்குள்ள சுரங்கம் வழியா வந்து, வைகையில கலந்து, கால்வாய்ல பிரிஞ்சு வர்ற தண்ணி. மேல மழையும் சேர்ந்தா நிறையும். ரெண்டும் இல்லாத வருஷம் கிரிக்கெட் விளையாடலாம்.

கரையெல்லாம் சகதியா இருந்ததால காரைக் கலுங்கு பக்கமே விட்டுட்டு, கரை மேலயே நடந்து மடைகிட்டப் போயி உக்காந்தோம். ஒரு 600 மீட்டர் இருக்கும். இந்த நம்பரும் பின்னாடி வரும்.

காலையில சுகமா போச்சு. நான் மூங்கில் குச்சி, தங்கூசி, மயிலிறகுத் தண்டுல தக்கை, மண்புழு. அவன் கனடாவுல இருந்து பொட்டியில வச்சுக் கொண்டு வந்த கார்பன் ராடு. மீனுக்கு என்ன ராடுன்னா தெரியவா போகுது, என் பக்கம்தான் முதல்ல கடிச்சுச்சு. ஜிலேபி கெண்டை ஏழெட்டு. இந்த ஜிலேபி நம்ம ஊர் மீனே இல்ல, ஆப்பிரிக்கா மீன், 1952-ல இந்தியாவுக்குக் கொண்டு வந்தது. இன்னைக்கு நம்ம கண்மாய்ல அதுதான் ஆதார் கார்டு வச்சிருக்கிற மாதிரி சுத்துது. (சிரிப்பு)

எனக்கு வேண்டியது விரால். விரால் தண்ணிக்குள்ள மட்டும் மூச்சு விட்டுச் சமாளிக்காது, அப்பப்ப மேல வந்து காத்தை வாங்கியாகணும். மடைக்கு இடது பக்கம் ஆகாயத்தாமரை ஓரத்துல நிமிஷத்துக்கு ஒரு தடவை 'ளப்'புன்னு ஒரு சத்தம். பெரிய விரால். சுத்திக் குஞ்சு எதுவும் தெரியல. குஞ்சு கூட்டமா செவப்பா சுத்திக்கிட்டு இருந்தா தாய்மீன், தகப்பன்மீனுக்குத் தூண்டில் போடக் கூடாதுன்னு மாமா சின்ன வயசுலேயே சொல்லிக் கொடுத்தது. இது தனி மீன். மத்தியானம் வரைக்கும் அது பின்னாடியே கிடந்தேன். பிரியாணிப் பொட்டலத்தை அவன்தான் பிரிச்சு என் கையில வச்சான்.

மதுரையில அக்டோபர் வானம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். காலையில சுள்ளுன்னு வெயில், ரெண்டு மணிக்குப் புழுக்கம், மூணு மணிக்கு மேல மேகம் கட்டிக் கொட்டிடும். 2024 அக்டோபர் 25, செல்லூர்ல வீட்டுக்குள்ள தண்ணி புகுந்துச்சே, அதுவும் பிற்பகல் மழைதான். அன்னைக்கு ரெண்டரைக்கு மேற்கால கருப்புக் கட்டுச்சு. காத்து நின்னுச்சு. மீன் அப்பத்தான் வெறி பிடிச்ச மாதிரி கடிக்க ஆரம்பிச்சுச்சு.

ஒரு மின்னல். கனடாக்காரன் சத்தமாவே எண்ண ஆரம்பிச்சான். ஒண்ணு, ரெண்டு, மூணு... இருபத்தெட்டுல இடி. சத்தம் மூணு செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர் போகும். அப்ப ஒன்பது கிலோமீட்டரைச் சொச்சம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல முப்பது எண்ண முடியலைன்னா வெட்டவெளியில இருக்கக் கூடாதுன்னு ஒரு கணக்கு உண்டு.

"மாப்ள, கெளம்புவோம்."

"பத்தே நிமிஷம்டா."

"இருபத்தெட்டுடா."

"அது மேலூர்ல அடிக்குது. இங்க இல்ல."

இதைச் சொன்னது யாரு? போன்ல தாமினி ஆப் வச்சிருக்கிற ஆளு. புனேயில இருக்கிற வானிலை ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஆப், சுத்தி 40 கிலோமீட்டர், 20 கிலோமீட்டர்ல மின்னல் அடிச்சா காட்டும். அது பாக்கெட்டுக்குள்ள கத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. சைலன்ட்ல போட்டேன்.

அடுத்தது இருபது. அவன் சாமானை எடுத்து வைக்க ஆரம்பிச்சுட்டான். "நீ போ, நான் பின்னாடியே வர்றேன்"னேன். அவன் போகல. ஒரு தடவை கரையைப் பார்த்தான், ஒரு தடவை என்னைப் பார்த்தான், நின்னுட்டான். எனக்கு இன்னைக்கு வரைக்கும் உறுத்துறது அந்த நிக்கிறதுதான். அவன் தனியா போயிருந்தா சரியான நேரத்துல காருக்குள்ள இருந்திருப்பான்.

அவன் தரையில வச்சிருந்த கார்பன் ராடை எடுத்து, கடைசியா ஒரு தடவை அந்த ஆகாயத்தாமரை ஓரத்துல வீசினேன். விரால் எடுத்துடுச்சு. சும்மா இல்ல, கை தோள்பட்டையோட போச்சு. எந்திரிச்சு நின்னு ராடைத் தலைக்கு மேல தூக்கி இழுக்கிறேன். மழை சடசடன்னு இறங்குது. பதினொண்ணு. அப்புறம் ஆறு.

கொஞ்சம் நிறுத்தி இந்தக் காட்சியைப் பாருங்க. சுத்தி தண்ணி, வயல். அந்த வட்டாரத்துலேயே மேடு கண்மாய்க்கரை. அது மேல ஒருத்தன் நிக்கிறான், கையில மின்சாரம் கடத்துற கார்பன் குச்சியை வானத்தைப் பார்த்துப் பிடிச்சுக்கிட்டு. நான் படிச்சது எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங்.

அவன் வந்து என் கையில அடிச்சான். ராடு கீழ விழுந்துச்சு. சட்டையைப் பிடிச்சு வெளிப்பக்கச் சரிவுல இழுத்துட்டுப் போனான். பாதிச் சரிவுல இருக்கும்போது உலகமே வெள்ளையாச்சு. எண்ண ஒண்ணுமே இல்ல. வெளிச்சமும் சத்தமும் ஒரே நேரம். காதுக்குள்ள கொய்ங்குன்னு ஒரு ஒலி மட்டும். எதிர்க்கரையில நின்ன ஒரு பனைமரத்தோட மண்டை மழையிலேயே எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

கார் 600 மீட்டர் தள்ளி. மழைச் சகதியில பத்துப் பன்னிரண்டு நிமிஷ நடை, அதுவும் கரை மேல. நான் கணக்குப் போடாம விட்டது இதைத்தான். மேகம் மணிக்கு 30, 40 கிலோமீட்டர் வேகத்துல வந்தா, பன்னிரண்டு நிமிஷத்துல ஆறுல இருந்து எட்டு கிலோமீட்டர் வந்துடும். அதாவது இருபத்தெட்டுல கிளம்பியிருந்தாலே இழுபறிதான். ஆறுல கிளம்பலாம்னா கிளம்ப இடமே இல்ல. வேப்பமரம் ஒண்ணு இருந்துச்சு, அதுகிட்டப் போகல, அந்த அளவுக்காவது புத்தி இருந்துச்சு. ஓடைப் பள்ளத்துல, படுக்காம, குந்த வச்சு, காலைச் சேர்த்து, ஒருத்தருக்கொருத்தர் தள்ளித் தள்ளி உக்காந்தோம். ரெண்டு பேருக்கும் சேர்த்து அடிச்சுடக் கூடாதுல்ல. முப்பத்தஞ்சு நிமிஷம். அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு போன்ல குழந்தை போட்டோவைப் பார்த்துக்கிட்டு இருந்தான். நனைஞ்ச ஸ்கிரீன், வேலை செய்யல, சட்டையில துடைச்சுத் துடைச்சுப் பார்த்தான்.

இந்தியாவுல மின்னல் தாக்கி 2022-ல மட்டும் 2,800 பேருக்கு மேல செத்திருக்காங்க. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தோட கணக்கு. இதை அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராமத் தேடிப் படிச்சேன்.

ஆபீஸ்ல நான் என்ன பண்றேன் தெரியுமா? ரிலீஸுக்கு முந்தின நாளே எழுதி வைக்கிறேன்: எரர் இத்தனை சதவீதத்தைத் தாண்டினா ரோல்பேக், யாரையும் கேக்க வேணாம், மேனேஜர் கெஞ்சினாலும் கேக்க வேணாம். ஏன்னா அந்த நேரத்துல எல்லாருக்கும் "இன்னும் பத்து நிமிஷம்"தான் தோணும். இதை ஜூனியர்ஸுக்குக் கிளாஸ் வேற எடுத்திருக்கேன். வியாழக்கிழமை கிளாஸ் எடுத்தவன் சனிக்கிழமை தக்கையைப் பார்த்ததும் காலி.

மாமா வீட்டுல டீ கொடுத்தாங்க. மாமா ஒண்ணும் வையல. துண்டை எடுத்துக் கொடுத்துட்டு வாசல்ல போயி உக்காந்துட்டார். திரும்பி வர்றப்ப காருக்குள்ள வைப்பர் சத்தம் மட்டும்தான். ராடு கிடைச்சுச்சு, நரம்பு அறுந்து கிடந்துச்சு, விரால் போயிடுச்சு. வீட்டு வாசல்ல இறங்கும்போது அவன் சொன்னது ஒண்ணே ஒண்ணு: "உன்னைய விட்டுட்டுப் போக முடியாதுன்னு உனக்குத் தெரியும்ல?"

மூணு வாரம் மெசேஜுக்கு ரெண்டு டிக் மட்டும் வந்துச்சு. ஃபிளைட் ஏறினதே இன்ஸ்டா ஸ்டோரியில பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். மன்னிப்புக் கேட்டு வாய்ஸ் நோட் நாலு தடவை பதிவு பண்ணி அழிச்சேன். அஞ்சாவதை அனுப்பினேன். "சரி விடு"ன்னு வந்துச்சு, மறுநாள். பேரு சொல்லாததுக்குக் காரணம் இதான்: மனைவிகிட்ட அவன் அப்ப எதுவும் சொல்லல. நேத்துத்தான் சொன்னானாம். நான் கொஞ்ச நாளைக்கு அந்த நம்பர்ல இருந்து போன் வந்தா எடுக்கிறதா இல்ல. (சிரிப்பு)

பொங்கலுக்கு மேலூர் போனப்ப அந்தப் பனை மொட்டையா நின்னுச்சு. கலுங்குல இருந்து மடை வரைக்கும் ஒரு தடவை நடந்து நேரம் பார்த்தேன். காய்ஞ்ச கரையில ஏழரை நிமிஷம்.

அதே வாரம் கனடாக்காரன்கிட்ட இருந்து ஒரு வீடியோ வந்துச்சு. சிம்கோ ஏரி, கரையோரம், காத்து இரையுது. ஓட்டைக்குள்ள ஸ்கேலை விட்டு எடுத்துக் கேமராகிட்டக் காட்டுறான். மூணே கால் இஞ்ச். தள்ளி உள்ள நாலஞ்சு பேரு ஓட்டை போட்டு உக்காந்திருக்காங்க, ஒருத்தன் மீனைத் தூக்கிக் காட்டிக் கூப்பிடுறான். இவன் ஆகரை மடக்கி டிக்கியில வைக்கிறான். "ஒரு மணி நேரம் ஓட்டிட்டு வந்தோம் மாப்ள"ங்கிறான். வண்டிக் கதவு சாத்துற சத்தம்.