உறுப்பிழந்தோர்க்கு விளையாட்டு தரும் ஊக்கம்

(உடற்கல்வி ஆசிரியர்களும் ஊராட்சிப் பணியாளர்களும் கூடிய பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)

  

கிராமப் பள்ளி ஒன்றின் மாலை நேரத்தை மனக்கண்முன் கொண்டுவருவோம். மணி அடிக்கிறது, பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடுகிறார்கள். கபடிக்குக் கோடு கிழிக்கப்படுகிறது. வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளை மட்டும் அமர்ந்திருக்கிறான். மற்றவர்களுடைய புத்தகப் பைகளுக்கும் செருப்புகளுக்கும் அவன் காவல். அவனுக்கு ஒரு கால் இல்லை. அவனை யாரும் வெறுக்கவில்லை, கடிந்து பேசவுமில்லை. "பாவம், அவன் உட்காரட்டும்" என்று அன்போடுதான் விட்டுவிட்டோம். அந்த அன்பு அவனுக்குச் செய்வது நன்மையா என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி.

கையையோ காலையோ இழப்பதற்குக் கிராமத்தில் காரணங்கள் பல. கதிரடிக்கும் இயந்திரத்திலும் கரும்பு ஆலையின் உருளையிலும் கை சிக்கிவிடுகிறது. அறுந்து தொங்கும் மின்கம்பியைக் குழந்தை தொட்டுவிடுகிறது. சாலை விபத்து ஒருபுறம். கவனியாது விட்ட நீரிழிவுப் புண் மற்றொருபுறம். மருத்துவர் உயிரைக் காக்கும் பொருட்டு உறுப்பை அகற்றுகிறார். புண் ஆறுகிறது. செயற்கை உறுப்பும் கிடைக்கிறது. அதன்பின் அம்மனிதன் என்ன ஆனான் என்று கேட்பார் பெரும்பாலும் இல்லை.

செயற்கைக் கால் செய்யும் கலையில் நம் நாடு பெருமை கொள்ளத்தக்க பணியைச் செய்திருக்கிறது. 1968 ஆம் ஆண்டளவில் ஜெய்ப்பூரில் இராமச்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் மருத்துவர் பி. கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கிய ஜெய்ப்பூர்க் கால், நம் மக்களின் வாழ்க்கையை அறிந்து செய்யப்பட்டது. தரையில் சம்மணமிட்டு அமரலாம், குந்தி உட்காரலாம், செருப்பின்றி நடக்கலாம், சேற்றுவயலிலும் இறங்கலாம். ஆயின் காலைத் தருவது ஒன்று. அக்காலை நம்பி உடலின் பாரத்தை ஊன்றும் துணிவைத் தருவது மற்றொன்று. முன்னது தொழிற்கூடத்தில் முடிந்துவிடும். பின்னது நாள்தோறும் சிறுகச் சிறுக வளர வேண்டும். அதை வளர்க்கும் இடங்களில் விளையாட்டு மைதானத்துக்கு இணையானது வேறொன்றில்லை, வளர்ப்பவர் பயிற்சியாளர்.

இதற்குச் சான்றாக இராஜஸ்தான் மாநிலத்துச் சூரு மாவட்டத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்த தேவேந்திர ஜஜாரியாவின் வரலாற்றைக் கூறலாம். எட்டு வயதில் மரம் ஏறும்போது மின்கம்பியைத் தொட்டமையால் அவர் இடக்கையை இழந்தார். ஊரார் இரக்கத்துக்கும் ஏளனத்துக்கும் நடுவே வளர்ந்த அச்சிறுவன், பள்ளியில் ஈட்டி எறியத் தொடங்கினான். 1997 ஆம் ஆண்டில் பள்ளி விளையாட்டுப் போட்டியொன்றில் ஆர். டி. சிங் என்னும் பயிற்சியாளர் அவனைக் கண்டார். அங்கு கூடியிருந்தோர் இல்லாத கையைக் கண்டிருக்கலாம். பயிற்சியாளரோ எறியும் கையைக் கண்டார். அவனைத் தம் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார்.

ஈட்டி எறிதல் ஒரு கையின் வேலை என்று தோன்றும். உண்மை அதுவன்று. ஓடிவந்து ஈட்டியை விடும் கணத்தில் மற்றொரு கை உடலை நிலைப்படுத்துகிறது. தோளைத் திருப்பி விசைக்கு வழிவிடுகிறது. அக்கை இல்லாதவர் அவ்வேலையை இடுப்புக்கும் முதுகுக்கும் கால்களுக்கும் பழக்கித் தர வேண்டும். இது இரக்கத்தால் நடப்பதன்று. எந்தத் தசை எதை ஈடுசெய்யும் என்று கணக்கிட்டு, நாள்தோறும் அளந்து, திருத்திப் பழக்குவதால் நடப்பது.

2004 ஆம் ஆண்டு ஏதென்ஸ் மாற்றுத்திறனாளிகள் ஒலிம்பிக்கில் ஜஜாரியா 62.15 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். அதன்பின் 2008, 2012 ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளிலும் அவருடைய பிரிவுக்கு ஈட்டியெறிதல் போட்டியே இடம்பெறவில்லை. அவர் ஈட்டியைக் கீழே வைத்துவிடவில்லை. 2016 இல் ரியோ நகரில் 63.97 மீட்டர் எறிந்து தம் பழைய உலகச் சாதனையைத் தாமே முறியடித்தார். 2021 இல் நடைபெற்ற டோக்கியோ போட்டியில், 40 வயதில், வெள்ளிப் பதக்கமும் பெற்றார். இடையிலிருந்த 12 ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். பதக்கம் கண்ணுக்கெட்டாத காலத்திலும் ஒருவரை மைதானத்துக்கு வரச்செய்யும் பழக்கமே தன்னம்பிக்கையின் உண்மையான உரைகல்.

இனிக் கடல்கடந்த ஒரு செய்தி. கனடா நாட்டு இளைஞர் டெரி ஃபாக்ஸுக்கு 1977 இல், 18 வயதில், எலும்புப் புற்றுநோய் கண்டது. வலக்காலை முழங்காலுக்கு மேலே அகற்ற வேண்டியதாயிற்று. அறுவைக்கு முதல்நாள் இரவு, அவர் படித்த பள்ளியின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் மருத்துவமனைக்கு வந்தார். அவர் கொணர்ந்தது ஓட்டக்காரர்களுக்கான ஓர் இதழ். ஒரு காலை இழந்த டிக் டிரவும் என்பவர் நியூயார்க் மாரத்தான் ஓட்டத்தில் ஓடிய செய்தி அதில் இருந்தது. காலை இழக்கப்போகும் இளைஞனுக்கு அந்த ஆசிரியர் கொண்டுபோன பரிசு அதுதான்!

அவ்விதழ் வீண்போகவில்லை. ஃபாக்ஸ் செயற்கைக் காலோடு ஓடப் பழகினார். 1979 இல் பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் நடந்த நெடுந்தூர ஓட்டத்தில் கடைசியாக வந்தார். ஆயினும் ஓடி முடித்தார். 1980 ஏப்ரல் 12 ஆம் நாள், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் பொருட்டு, கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய நிலையில் நோய் நுரையீரலில் பரவியது, ஓட்டம் நின்றது. 1981 இல் மறைந்தார். அவர் பெயரால் நடைபெறும் ஓட்டங்கள் இன்றும் நின்றபாடில்லை. ஓர் ஆசிரியர் ஓரிரவு நோயாளியைப் பார்க்கச் சென்றதன் பயன் எவ்வளவு தூரம் போகும் என்பதை இதனால் அறிகிறோம்.

நம் தமிழகத்திலும் சான்றுக்குக் குறைவில்லை. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலுவின் வலக்கால், ஐந்து வயதில் பேருந்துச் சக்கரத்தில் நசுங்கியது. கால் அகற்றப்படவில்லை, ஆயின் வளர்ச்சி நின்றது. காய்கறி விற்றும் கூலி வேலை செய்தும் அவருடைய தாயார் குடும்பத்தைக் காத்தார். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் ஊக்குவித்ததால் உயரந்தாண்டும் பயிற்சியில் அவர் ஈடுபட்டார். பின்னர்ப் பெங்களூரில் சத்தியநாராயணா என்னும் பயிற்சியாளரிடம் பயின்றார். 2016 இல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 இல் பாரிஸில் வெண்கலம் என மூன்று ஒலிம்பிக்குகளில் பதக்கம் பெற்றார். அந்த நெடும்பயணத்தின் முதற்படி ஒரு கிராமப் பள்ளியின் மணல்குழி என்பதை இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்கள் மறத்தலாகாது.

இம்மூன்று வரலாறுகளிலும் பயிற்சியாளர் செய்ததைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலனாகும். "உன்னால் முடியும்" என்று சொல்வது எளிது. அச்சொல் செவியில் புகுந்து காற்றோடு போய்விடும். நல்ல பயிற்சியாளர் ஓர் அளவைக் கொடுக்கிறார். "இன்று அந்தக் கம்பம் வரை, நாளை அதற்கு அடுத்த கம்பம் வரை" என்கிறார். அளவைக் கடந்த நாளில் அவனே அறிந்துகொள்கிறான். தானே அறிந்ததை எவர் ஏளனமும் அவனிடமிருந்து பறித்துவிட முடியாது.

ஆசிரியர்கள் மனத்திற் கொள்ளவேண்டிய சில செய்முறைகளையும் கூறுவோம்.

முதலாவது, மருத்துவரின் ஒப்புதலின்றிப் பயிற்சியைத் தொடங்கலாகாது. அறுவைக்குப்பின் எஞ்சிய பகுதியின் வீக்கம் பல திங்கள் வரை குறைந்துகொண்டே வரும். அதனால் முதலில் பொருந்திய செயற்கைக் கால் பின்னர்த் தளர்ந்துவிடும். தளர்ந்த காலோடு ஓடினால் தோல் உரிந்து புண்ணாகும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் தோலைப் பார்த்தல் வேண்டும். சிவந்திருந்தால் அன்று ஓய்வு.

இரண்டாவது, செயற்கைக் காலோடு நடப்பவர் அதே தூரத்துக்கு மற்றவரைவிட மிகுந்த ஆற்றலைச் செலவிடுகிறார். முழங்காலுக்கு மேல் இழந்தவர்க்கு இது இன்னும் மிகுதி. அவர் விரைவில் களைப்பது சோம்பலன்று. குறுகிய நேரப் பயிற்சியும் இடையிடையே ஓய்வும் தருவதே முறை.

மூன்றாவது, ஓடக் கற்பிக்கும் முன் விழக் கற்பிக்க வேண்டும். மணலிலோ பாயிலோ பக்கவாட்டில் உருண்டு விழவும், யாருடைய கையையும் பற்றாமல் எழவும் பழக்குதல் நலம். விழுவதற்கு அஞ்சாதவனே நடப்பதற்கு அஞ்சமாட்டான்.

நான்காவது, இல்லாத கால் வலிக்கிறது, இல்லாத விரல் அரிக்கிறது என்று சிலர் கூறுவர். அதைக் கேட்டு நகைக்கலாகாது. உறுப்பு போனாலும் மூளையில் அதன் உணர்வு நீடிப்பது மருத்துவம் அறிந்த உண்மை. அவன் சொல்வதை நம்பிக் கேட்பதே சிகிச்சையின் முதற்படி.

ஐந்தாவது, பெண்பிள்ளைகளை மறத்தலாகாது. உறுப்பிழந்த மகனையாவது வெளியே அனுப்பும் பெற்றோர், மகளை வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுகின்றனர். அவ்வீட்டுக்கு ஆசிரியரும் ஊராட்சிப் பணியாளரும் சேர்ந்து செல்லுதல் நன்று.

இவையெல்லாம் நம் விருப்பத்தைப் பொறுத்தவை மட்டும் அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, கல்வி நிலையங்கள் இப்பிள்ளைகளுக்கு மற்றவரோடு சமமாக விளையாட்டு வாய்ப்பும் அளிக்க வேண்டும் என்று பணிக்கிறது. செயற்கை உறுப்புப் பெறவும் உதவிகளை அறியவும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் மாற்றுத்திறனாளிகளுக்கெனப் பிரிவு அமைந்திருக்கிறது. கதவுகள் உள்ளன, அப்பிள்ளையைக் கதவு வரை அழைத்துச் செல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நாமே.

எச்சரிக்கை ஒன்றும் கூறி முடிப்போம். பயிலும் பிள்ளைகள் எல்லாரும் ஒலிம்பிக்குக்குப் போகப்போவதில்லை. பெரும்பாலோர்க்குப் பதக்கமே கிடைக்காது. பதக்கத்தையே காட்டி அழைத்தால், அது கிடைக்காத நாளில் இரண்டாம் முறையாக ஒன்றை இழந்தவர் ஆவர். விழாமேடையில் நிறுத்திக் கைதட்டல் வாங்கித் தந்துவிட்டு, மறுநாள் வேப்பமரத்தடிக்கே அனுப்பிவிடுவதும் பெரும் பிழை. துணையின்றிப் பேருந்து ஏறுதல், வரப்பின்மேல் தடுமாறாது நடத்தல், நியாயவிலைக் கடைக்குச் சென்று அரிசிப் பையைத் தோளில் சுமந்து வருதல், ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று பேசுதல் ஆகியவையே நாம் நாடும் வெற்றிகள். மைதானத்தில் பெற்ற துணிவு இவற்றுக்கெல்லாம் முதலாக நிற்கும்.

நாளை மாலை மணி அடிக்கும்போது வேப்பமரத்தடியை ஒருமுறை நோக்குவோம். அங்கே அமர்ந்திருக்கும் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைப்போம். பைகளும் செருப்புகளும் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும். அவன் கையில் ஒரு பந்தைக் கொடுத்து, பத்தடி தொலைவில் ஒரு கோட்டைக் கிழித்து, "இதைத் தாண்டி எறி" என்போம். அவன் எறிந்ததும், கோட்டைச் சற்றே தள்ளிப் போடுவோம்.