மலைக்கு இப்புறமும் அப்புறமும்

நமது தோட்டப் பள்ளிச் சுவரில் ஐரோப்பியப் படம் ஒன்று தொங்குகிறது. அதில் நார்வேயையும் சுவீடனையும் காட்டி, "பக்கத்துப் பக்கத்து நாடுகள்தானே ஐயா, குளிரும் ஒன்றுதானே?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. வடக்கே போகப் போகக் குளிர் கூடும் என்று பயிற்சிக் கல்லூரியில் மனனம் செய்த நாமும் சற்றுத் தயங்கித்தான் பதில் சொன்னோம்.

நார்வேயின் மேற்குக் கரையில் இருப்பது பெர்கன். சுவீடனின் கிழக்குக் கரையில் இருப்பது அதன் தலைநகர் ஸ்டாக்ஹோம். இரண்டும் வட அட்சம் 60 பாகையை ஒட்டியவை. பெர்கனில் ஆண்டுக்கு 2,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. நம்மூர் மாலை மழைபோல் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது. ஆண்டில் ஏறக்குறைய 200 நாட்கள் ஈரந்தான். ஸ்டாக்ஹோமிலோ 550 மில்லிமீட்டர் அளவே. ஜனவரியில் பெர்கனின் சராசரி வெப்பம் உறைநிலைக்குச் சற்று மேலே. ஸ்டாக்ஹோமில் சற்றுக் கீழே. கோடையில் நிலைமை மாறி, ஸ்டாக்ஹோமே கூடுதல் வெப்பமாக இருக்கும்.

காரணம் என்ன? அட்லாண்டிக் வெப்ப நீரோட்டம் நார்வேக் கரையைத் தழுவிச் செல்கிறது. அதன்மேல் வீசிவரும் மேலைக்காற்று ஈரத்தைச் சுமந்து வந்து, இரு நாடுகளுக்கும் இடையிலுள்ள மலைத்தொடரில் மோதி மேலெழுந்து குளிர்கிறது. மழை அங்கேயே இறங்கிவிடுகிறது. மலை தாண்டிய காற்றில் ஈரம் குறைவு.

இதனால் நார்வே முழுவதும் மிதமான நாடு என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள்! கடலிலிருந்து விலகி உள்நாட்டில் இருக்கும் கராஷோக் நார்வே ஊர்தான். அங்கே 1886இல் உறைநிலைக்குக் கீழே 51.4 பாகை பதிவாயிற்று.

இந்த வேறுபாட்டை நன்கு அறிந்தவர்கள் இரும்புத்தாது வணிகர்கள். சுவீடனின் வடகோடியில் கிரூனா சுரங்கம் இருக்கிறது. சுவீடனின் சொந்தத் துறைமுகமான லூலியோ அதற்குத் தெற்கே உள்ளது. ஆயினும் ஆறுகள் கொண்டுவரும் நன்னீரால் உப்புக் குறைந்த அந்தக் கடல் குளிர்காலத்தில் உறைந்துவிடும். அதைவிட வடக்கே இருக்கும் நார்வேயின் நார்விக் துறைமுகமோ உறைவதில்லை. ஆகவே மலையைக் குடைந்து நார்விக்குக்கு இரயில் பாதை போட்டார்கள்; 1903இல் அது முறைப்படி திறக்கப்பட்டது. 1940இல் அந்தத் தாதுக்காகவே ஜெர்மானியரும் நேச நாட்டினரும் நார்விக்கில் போரிட்டனர்.

இன்று லூலியோவில் பனிக்கட்டியை உடைக்கும் கப்பல்கள் வழி திறந்து கொடுக்கின்றன. நார்விக்குக்கு அவை தேவையில்லை. தாது இரயில்கள் இன்றும் மலை ஏறி அங்கே போய்க்கொண்டுதான் இருக்கின்றன.