வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி



நம் அரியலூர்ப் பக்கத்துக் கீழப்பழுவூர்க்காரர் சின்னசாமி. இந்தித் திணிப்பை எதிர்த்து, 1964 ஜனவரி 25 அன்று திருச்சி ரயில் நிலையத்தின் முன்பு தீக்குளித்து இறந்தார். மொழிக்காகத் தமிழ்நாட்டில் முதலில் தீக்குளித்தவர் அவர்தான். அடுத்த ஆண்டு மாநிலமே கொந்தளித்தது. ஆங்கிலம் வேண்டாம் என்று இந்தி பேசாத மாநிலங்கள் சொல்லும்வரை அதுவும் ஆட்சிமொழியாக நீடிக்கும் என்று 1967-இல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

அதற்கு முன்னால் 1956 என்ற ஆண்டையும் பார்க்க வேண்டும். அந்த ஆண்டில்தான் மொழிவழி மாநிலங்கள் பிறந்தன. தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டமும் இங்கே நிறைவேறியது. கடலுக்கு அப்பால் இலங்கையில், சிங்களம் மட்டுமே என்ற சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். அங்கே தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுத 1987 வரை ஆனது. அதற்குள் எத்தனை உயிர்கள்!

அதே 1956-இல் நம் அரசியலமைப்பில் 350அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் வசதி செய்ய முயல வேண்டும் என்கிறது அது. தமிழ்நாட்டில் தெலுங்கு, கன்னடம், மலையாளம், உருது பேசுவோர் இதைச் சொல்லிக் கேட்க முடிகிறது. அவர்களுக்கு எழுத்து இருக்கிறது, பாடநூல் இருக்கிறது, வாக்கும் இருக்கிறது.

எனக்குக் கவலை வேறொரு பிள்ளையைப் பற்றி. செட்டிகுளம் பங்குனி உத்திரத் தேர் போன்ற திருவிழாக்களில் பாசிமணி விற்கும் நரிக்குறவர் வீட்டுப் பிள்ளை. தாய் நம்மிடம் தமிழில் விலை சொல்வாள். பிள்ளையிடம் திரும்பினால் வாக்ரிபோலி. குஜராத்திக்கு உறவான மொழி அது. அதற்கெனப் புழக்கத்தில் எழுத்து இல்லை. எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் அது இல்லை. 2023-இல் அந்தச் சமூகம் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தது. பழங்குடியினர் சான்றிதழுக்கு வழி பிறந்தது, நல்லது. ஆனால் ஆறு வயதில் வகுப்பில் உட்காரும் அந்தப் பிள்ளைக்கு ஆசிரியர் பேசுவது முழுதாகப் புரிவதில்லை. புரியாமல் உட்கார்ந்திருப்பதை, படிப்பு வரவில்லை என்று நாம் எழுதிவிடுகிறோம். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. மொழிக்காக உயிர் கொடுத்த மண்ணில் இது நடக்கலாமா?

அந்தப் பிள்ளைக்குத் தமிழ் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தமிழ் வேண்டும், நன்றாக வேண்டும். அதற்குப் போய்ச் சேர முதல் இரண்டு வகுப்புகளில் அவன் மொழியிலேயே ஒரு கை நீள வேண்டும். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் உள்ளூர்க்காரர்களையே தன்னார்வலர்களாகச் சேர்த்தோம் அல்லவா? அதுபோல, அந்தக் குடியிருப்பிலேயே படித்து முடித்த ஒரு பெண்ணை, ஊதியம் கொடுத்து, வகுப்பில் ஆசிரியருக்குத் துணையாக அமர்த்தலாம். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரும்படி உங்கள் ஊர்த் தலைவரிடம் கேளுங்கள்.