பாணர் நடந்த வழி



பத்தாண்டு நிறைவுறும் இந்நன்னாளில், ஊர் ஊராகச் செல்லும் இசைவாணரின் வாழ்வைப் பற்றி உரையாற்றுமாறு பணித்தீர்கள். அவையில் யாழெடுத்து அமரும் கலைஞனை உலகம் அறியும். ஓர் அவைக்கும் அடுத்த அவைக்கும் இடையே அவன் நடக்கும் வழியை அறிந்தோர் சிலரே. அவ்வழியையே பாடுபொருளாகக் கொண்ட ஓர் இலக்கிய வகை நம் மொழியில் உண்டு. அதுவே ஆற்றுப்படை.

ஆறு என்பது வழி. பத்துப்பாட்டில் செம்பாதி ஆற்றுப்படைகளே. திருமுருகாற்றுப்படை இறைவன்பால் ஆற்றுப்படுத்துவது. ஏனைய நான்கும், பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் கலைஞனைக் கண்டு வழிகாட்டுவனவாக அமைந்தவை. இவற்றை வள்ளலின் புகழ்பாடும் நூல்கள் என்றே வகுப்பறையில் கற்பிக்கிறோம். அது பொய்யன்று, ஆயினும் முழுமையும் அன்று. இவை வழியில் சந்தித்த இரு கலைஞர்களின் உரையாடலும் ஆகும்.

மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. முழவும் ஆகுளியும் குழலும் பையிலிட்டுச் சுமந்துவரும் கூத்தரிடம், முன்சென்றவன் என்னென்ன கூறுகிறான்? பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ளன. பாம்பு ஒடுங்கிய குழிகள் உள்ளன. தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள் பாய்ந்து வரும் என்று எச்சரிக்கிறான். நன்னனின் பெருமையை மட்டும் பாடக் கருதியவனுக்கு இத்துணை நுணுக்கம் வேண்டுவதில்லை. தான் பட்ட இடரைப் பிறன் படலாகாது என்னும் பரிவே அங்குப் பேசுகிறது.

சிறுபாணாற்றுப்படையில் இப்பரிவு இன்னும் ஆழம் கொள்கிறது. கிணைமகள் உப்பின்றி வேகவைத்த கீரையை, பிறர் காண நாணிக் கதவடைத்துச் சுற்றத்தோடு உண்ட தன் பழைய வறுமையைப் பாணன் கூறுகிறான். ஊரார்க்கு மறைத்த அக்கதவை, வழியில் கண்ட மற்றொரு கலைஞனுக்குத் திறந்துவிடுகிறான். உன் பசியை நானும் அறிவேன் என்பதற்கு இதனினும் சிறந்த மொழி ஏது?

இக்குழுக்களில் பெண்டிரும் நடந்தனர். பாடினியரும் விறலியரும் நடந்து நடந்து நொந்த அடிகளைப் பொருநராற்றுப்படையும் சிறுபாணாற்றுப்படையும் மறவாது பதிவு செய்துள்ளன. புறநானூற்றில் விறலியையே விளித்து ஆற்றுப்படுத்தும் பாடல்களும் உள்ளன. கபிலர் பாரியிடம் ஒரு விறலியை அவ்வாறு அனுப்புகிறார்.

இந்நூல்களை யாத்தோர் புலவர்களேயன்றிப் பாணர் அல்லர். ஆதலின் இது பாணர் குரலாகுமா என்று வினவலாம். தக்க வினாவே. பாணரின் வறுமையைப் புலவர் தம் நோக்கில் அழகுபடுத்தியிருக்கவும் கூடும். ஆயினும், பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்லுதல் என்னும் அறத்தைத் தொல்காப்பியமே புறத்திணையில் வகுத்து வைத்துள்ளது. வள்ளல் ஒருவன், நாடி வருவோரோ பலர். அந்நிலையில் வள்ளலின் ஊரையும் பேரையும் மறைப்பதே எளிது. மறையாது உரைத்தலைத் தமிழ் இலக்கணமாக்கியது.

கவிஞர் பெருமக்களே, நாம் அவ்வாறு உரைக்கின்றோமா? நம் கவிதையை விரும்பி ஏற்ற இதழாசிரியரின் முகவரியை, இன்னும் அச்சேறாத இளங்கவிஞர்க்கு மனமுவந்து தருகின்றோமா?

விருந்தோம்பும் நமக்கும் ஒரு பாடம் உண்டு. கரிகாலன் பொருநனைத் தேரேற்றி, ஏழடி பின்சென்று வழியனுப்பினான் என்கிறது பொருநராற்றுப்படை. நாம் கவிஞருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், கைதட்டுகிறோம். விழா முடிந்தபின் அவர் எங்கு உண்பார், எந்தப் பேருந்தில் ஊர் திரும்புவார், தனியே வந்த பெண் கவிஞர் இரவில் எங்குத் தங்குவார் என்று கேட்கின்றோமா? அந்த ஏழடியில்தான் அவையின் பண்பு விளங்கும்.

பத்தாண்டுகள் கடந்த இவ்வட்டம், வருவோர்க்கு மேடையாக மட்டுமன்றி வழித்துணையாகவும் விளங்குக என வாழ்த்தி அமைகிறேன்.